ஓதின தண்ணி

அந்தச் சுவத்துல சாயாதீங்க தம்பி, இப்பத்தான் சுண்ணாம்பு அடிச்சிருக்காக, சட்டையில ஒட்டிக்கிரும். இங்கிட்டு வாங்க, எடம் கெடக்கு.

யாருக்கு? வீட்டுல அவுகளுக்கா? அந்தா தூணோரமா சேலையப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கே, அந்தப் புள்ளதான? ம். வந்ததுலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒதடு அசைஞ்சுக்கிட்டே இருக்கு. எம்மகளும் இப்படித்தான் இருந்தா. சரியாப் போகும், பயப்படாதீங்க.

லெப்பையப் பாத்துட்டீங்களா? தண்ணி ஓதிக் குடுத்தாரா? நல்லாப் பேசியிருப்பாரே. தலைய லேசாச் சாச்சுக்கிட்டு, நம்ம கதையக் கேக்குறதத் தவிர வேற சோலியே இல்லாத மாதிரி உக்காந்திருப்பாரு. அதுலதான் தம்பி நம்ம விழுந்துர்றது. நான் விழுந்தேன். என்னைய மாதிரி இந்தாளுகிட்ட ஏமாந்தவன் இந்த சில்லாவுலயே கெடையாது. நீங்க புதுசு. அதனால சொல்றேன்.

தர்காவக் கொறை சொல்றேன்னு நெனச்சுறாதீங்க. அவுலியா சத்தியமானவுக. எங்கப்பா காலத்துலருந்து வருசா வருசம் சந்தனக்கூட்டுக்கு வந்து சர்க்கரை வச்சு பாத்தியா ஓதிட்டுப் போற குடும்பம் நாங்க. உள்ள படுத்திருக்கவுகளச் சொல்லல. வெளிய நடமாடுறவுகளச் சொல்றேன்.

எம்பேரு போஸு. முதுகுளத்தூருக்கு அங்கிட்டு நம்ம ஊரு. மாவு மில்லு வச்சிருக்கேன். நெல்லு, கேப்ப, மொளகா, எல்லாம் அரைப்போம். வத்தல் சீசன்ல வந்தீங்கன்னா எங்க தெருவுக்குள்ள தும்மாம நடக்க முடியாது. முன்னாடி மில்லு, பின்னாடி வீடு. ஒரே மக. தமயந்தின்னு பேரு. பரமக்குடிக் காலேசுல பி.காம் படிச்சா. எங்க வகையறாவுலயே காலேசுப் படி ஏறுன மொத பொம்பளப்புள்ள.

கடைசி வருசம் படிக்கையில, ஒருநா காலேசுக்குப் போகலன்னு சொன்னா. ஏன்டின்னா போத்திப் படுத்துக்கிட்டா. அப்பறம் சாப்புடல. அப்பறம் தலை சீவ விடல. மில்லு மோட்டாரு ஓடுனா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு மூலையில போயி ஒண்டிக்குவா. "அதுக்குள்ளருந்து பேசுறாகப்பா, நிப்பாட்டுங்க"ன்னு அழுவா. நானும் நிப்பாட்டிப் பாத்தேன் தம்பி. நிப்பாட்டுனாலும் பேசுறாகங்குறா.

எம்பொண்டாட்டி பூமயிலு ஒண்ணுந் தெரியாதவ. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டருகிட்டக் காட்டுவமுன்னா. நான் சொன்னேன், காச்சலா தலவலியா காட்டுறதுக்கு? இது வேற. கோடாங்கிய வரச்சொன்னேன். வந்தான், உடுக்கையடிச்சான், கண்ணு சொருகிருச்சு அவனுக்கு. "ரத்த ஒறவு. பொம்பள. வயிறு தொறக்காதவ"ன்னான்.

இதுக்கு மேல என்ன வேணும் சொல்லுங்க. எனக்கு ஒரே தம்பி, ராசாங்கம். அவன் பொண்டாட்டி சீனியம்மா. புள்ள கெடையாது அவுகளுக்கு. பாகம் பிரிச்சதுல அவனுக்குத் தெருக்கோடி வீடும் கெணறும் போச்சு, எனக்கு மில்லு வந்துச்சு. அந்தக் கெணத்துக்கு நடந்த சண்டையிலருந்தே பேச்சுவார்த்தை இல்ல. ஆனா எம்மக மட்டும் அங்க போவா, வருவா. சின்னதுலருந்து சித்தி சித்தின்னு அங்கனயேதான் கெடப்பா. பல்லு விழுந்தது அங்க, பூ வச்சு விட்டது அங்க, பாவாடைக்கு ஓரம் அடிச்சது அங்க. அந்தக் கையால எம்புட்டுச் சோறு தின்னிருப்பா! எனக்கு அப்பவே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க தம்பி, புள்ளையில்லாதவ அடுத்தவ புள்ளைக்கு எதுக்கு அம்புட்டுச் செய்யணும்?

நான் விடல. நேரா தெருக்கோடிக்குப் போயி வாசல்ல நின்னு கேட்டேன். ஊரே பாத்துச்சு. அவ உள்ள நின்னுக்கிட்டு வெளியவே வரல. எந்தம்பி வந்து, "அண்ணே, சத்தம் போடாம புள்ளய டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போங்க. நான் வேணும்னா வண்டிக்குச் சொல்லவா"ங்குறான். குத்தமுள்ளவனாத் தெரியல ஒங்களுக்கு? எனக்குத் தெரிஞ்சுச்சு. அன்னைலருந்து நானும் ஓயல. மில்லுல ஆளு இருந்தாலும் சொல்லுவேன், இல்லாட்டியும் சொல்லுவேன். மோட்டாருச் சத்தத்துல சாதாரணமாப் பேசுனா யாருக்குக் கேக்கும்? கத்தித்தான் சொல்லணும். "அவதான் செஞ்சா, அவள விடமாட்டேன், அவள விடவே மாட்டேன்." எனக்கு ஆறல தம்பி. பெத்த வயிறுன்னு பொம்பளைகளச் சொல்றாக. அப்பனுக்கு எரியாதா?

கோடாங்கி, சாட்டையால அடிச்சு ஓட்டணும், அடுத்த அமாவாசைக்குக் கூட்டிட்டு வாங்கன்னான். அதுக்கு முன்னாடிதான் பூமயிலு அழுது எங்கால்ல விழுந்து, "ஒருக்கா தர்காவுக்குப் போயிருவம்"னா. சரின்னு இங்க வந்தோம்.

லெப்பையப் பாத்தேன். சதக்கு லெப்பைன்னா எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். எங்கப்பாவுக்குப் பாத்தியா ஓதுனது இவுகளப் பெத்த அத்தா. எல்லாத்தையும் சொன்னேன். செய்வினை, சீனியம்மா, கெணறு, எல்லாம். கேட்டாரு. கேட்டுட்டு, "தம்பி போஸு, நீ சொன்னத எல்லாம் கேட்டுட்டேன். புள்ள என்ன சொல்லுதுன்னு நான் கேக்கட்டுமா?"ன்னாரு.

அது என்ன சொல்லும், புத்தியே இல்லாம கெடக்குன்னேன். பரவால்லன்னுட்டு, அந்தா தெரியுதே ஒரு புங்கமரம், அதுக்கடியில அவளோட போயி உக்காந்தாரு. எம்மக அதுவரைக்கும் யாருகிட்டயும் நிமுந்து பேசல. அவருகிட்டப் பேசுனா. கையக் கைய ஆட்டிப் பேசுனா. அவரு ஒரு எடத்துலகூட குறுக்க பேசல. அப்பறம் தண்ணி ஓதி அவரு கையாலயே குடுத்தாரு. குடிச்சா. அழுதா. அப்படியே பூமயிலு மடியில சாஞ்சு தூங்குனா தம்பி! நான் அங்கனயே வாசப்படியில விழுந்து கும்புட்டேன். அன்னைக்கு அந்த மனுசன் எனக்கு சாமி.

அந்நேரம் வத்தல் சீசன். மில்லப் போட்டுட்டு எத்தன நாளைக்கு இங்க கெடக்க முடியும்? பின்னாடி தெருவுல ஒரு ரூம்பு எடுத்து ஆத்தாளையும் மகளையும் தங்க வச்சுட்டு நான் ஊருக்குப் போயிட்டேன். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை வருவேன். ஒவ்வொரு தடவைக்கும் புள்ள தெளிஞ்சுக்கிட்டே வருது. ஒருவாட்டி வாரேன், குளிச்சுத் தலை சீவிப் பூ வச்சிருக்கா. இன்னொருவாட்டி, "என்னப்பா, மோட்டாருக்கு பெல்ட்டு மாத்துனீங்களா?"ங்குறா. லெப்பை கையப் புடிச்சுக்கிட்டேன். அவரு, "அல்லா நாடுனா எல்லாம் சொகமாகும். தண்ணிய மட்டும் வெலக்காம காலையிலயும் ராத்திரியும் குடிக்கணும். வீட்டம்மாவுக்குச் சொல்லியிருக்கேன்"னாரு. இத நல்லா மனசுல வச்சுக்கங்க தம்பி. தண்ணின்னுதான் சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல.

ஊருக்குக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு எந்தம்பி வீட்டு வாசல்ல ஆயிரம் வாலா வெடி போட்டேன். ஒஞ் செய்வினை ஒடஞ்சு போச்சுடீன்னு. கதவச் சாத்திக்கிட்டாக.

மில்லுக்கு வர்றவுக போறவுக அத்தன பேருகிட்டயும் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசல மிதிக்காம, ஒரு ஊசி போடாம, ஓதுன தண்ணியிலயே எம்மகள மீட்டுட்டேன்னு. கேட்டவுக கண்ணெல்லாம் விரியும். எத்தனையோ பேர நானே இங்க அனுப்பி வச்சேன். மகனுக்கு வலிப்புன்னு ஒருத்தன் வந்தான், மருமக பேசாம கெடக்கான்னு ஒரு கெழவி வந்துச்சு, போங்கய்யா, போங்கத்தா, லெப்பைகிட்டப் போங்க, எம்பேரச் சொல்லுங்கன்னு பஸ்ஸு நேரமெல்லாம் சொல்லி அனுப்புனேன். போனாக. வந்தாக. நல்லாயிருக்குண்ணாச்சின்னு சிரிச்சாக. அந்தச் சிரிப்ப நான் சந்தோசச் சிரிப்புன்னு நெனச்சேன்.

பூமயிலு அவுக அக்கா வீட்டுச் சாவுக்குப் போன அன்னைக்குத்தான் விசயம் வெளிய வந்துச்சு. காலையில நானே கைகால் கழுவி, நெத்தியில திருநீறு வச்சு, தண்ணிய டம்ளர்ல ஊத்தி பயபக்தியோட எம்மகளுக்கு நீட்டுறேன். அவ வாங்கிக்கிட்டு, "மாத்திரை?"ங்குறா.

"என்ன மாத்திரை?"

அவ என்னைய ஒரு மாதிரியாப் பாத்தா. "ஒங்களுக்குத் தெரியும்னு அம்மா சொன்னாகளே"ன்னா. அப்பறம் அவளுக்கே வெளங்கிருச்சு. எந்திரிச்சுப் போயி அரிசிப் பானைக்குள்ள கைய விட்டு ஒரு டப்பாவ எடுத்தா. எடுத்து வச்சுட்டு, "அப்பா, கோவிக்காதீங்க. லெப்பை அத்தாதான் டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனாக. அவுக வெள்ளிக்கிழமை தர்காவுக்கே வருவாக. தண்ணியோட சேத்து முழுங்கணும். எனக்கு இப்பச் சத்தம் கேக்கலப்பா"ன்னா.

அந்த டப்பாவப் பாத்துக்கிட்டு நின்னேன். ஒங்களுக்கு எப்படிச் சொல்றது... ஒருத்தன் கல்யாண வீட்டுல பந்தியில ஒக்காந்து நல்லாச் சாப்புட்டுட்டு, கைகழுவப் போறப்ப, இது ஒனக்கு வச்ச எலை இல்லன்னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு.

எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு தம்பி. பொண்டாட்டிக்குத் தெரியும். மகளுக்குத் தெரியும். லெப்பைக்குத் தெரியும். நான் அனுப்பி வச்சேனே, அந்தப் பயலுக்குத் தெரியும், அந்தக் கெழவிக்குத் தெரியும். அவுகளையும் லெப்பை டாக்டரம்மாகிட்டத்தான் தள்ளி விட்டிருக்காரு! அவுகளும் மாத்திரைய வாங்கி முழுங்கிட்டு, எம்மில்லுல வந்து மொளகாயும் அரைச்சுக்கிட்டு, நான் ஓதுன தண்ணி ஓதுன தண்ணின்னு கத்துறதக் கேட்டுட்டு, சிரிச்சுட்டுப் போயிருக்காக. ஊரே எம்மூஞ்சியப் பாத்துச் சிரிச்சிருக்கு. ஒருத்தனாவது காதக் கடிச்சானா?

டப்பாவச் சாக்கடையில கொட்டுனேன். எம்மக கெஞ்சுனா. "இத்தன நாளு ஒன்னையச் சொகப்படுத்துனது தண்ணிதான் தாயி, மாத்திரை இல்ல. வேணும்னா பாப்பம். வெறும் தண்ணிய எங்கையால தாரேன், குடி"ன்னேன். அவ சாக்கடையவே பாத்துக்கிட்டு நின்னா. ஆனாலும் குடிச்சா. அப்பன் பேச்சத் தட்டாத புள்ள. பூமயிலு வந்து மாரு மாரா அடிச்சுக்கிட்டு அழுதா. இந்த வீட்டுக்குள்ள ஒரு மாத்திரை வந்தா நான் மோட்டாருல கையக் குடுத்துருவேன்னேன். அப்பறம் அவ வாயத் தொறக்கல.

கேளுங்க, நான் ஒண்ணும் சும்மா விட்டுறல. ஒவ்வொரு நாளும் வெளக்கேத்தி, அவுலியாவ நெனச்சு, எம்புட்டு நம்பிக்கையோட அந்தத் தண்ணியக் குடுத்தேன் தெரியுமா? அம்புட்டு நம்பிக்கைய எவனும் வச்சிருக்க மாட்டான்.

கொஞ்ச நாளு நல்லாத்தான் இருந்தா. அப்பறம் தூக்கம் போச்சு. திரும்பக் காதப் பொத்துனா. பாத்தீங்களா, தெருக்கோடிக்காரி திரும்பவும் வேலையக் காட்டுறான்னு நான் அப்பவும் சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன்.

ஒருநா மத்தியானம். நான் மொளகா அரைச்சுக்கிட்டு இருக்கேன், மோட்டாரு ஓடுது, ஒண்ணுங் கேக்கல. ஆளுக ஓடியாந்து தோளத் தொட்டு, "போஸண்ணே, ஒங்க தம்பி வீட்டுக்குப் போங்க"ன்னாக. போனேன். சீனியம்மா வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கிட்டு உக்காந்திருந்திருக்கா. எம்மக முன்னாடி போயி நின்னு செங்கல்லத் தூக்கி அடிச்சிருக்கா. நெத்தி பொளந்து போச்சு. சேலையெல்லாம் ரத்தம், வத்தல் மேலயெல்லாம் ரத்தம். எம்மக அந்த ரத்தத்தப் பாத்துட்டு, சித்தி, சித்தின்னு கத்தி அழுகுறா. அவ என்ன செய்றா தெரியுமா? ஒரு கையால சேலையச் சுருட்டி நெத்தியில அமுக்கிக்கிட்டு, இன்னொரு கையால எம்மகள மடியில இழுத்துப் போட்டு வச்சிருக்கா. "ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல, சித்திக்கு வலிக்கல"ங்குறா. நான் கிட்டப் போனதும் எம்மக ஒரு அலறு அலறுனா பாருங்க. "நீங்க பேசாதீங்கப்பா, பேசாதீங்க"ன்னு. எந்தம்பிதான் ஆட்டோவக் கொண்டாந்து ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனான். எனக்கு ஆட்டோவுல எடமில்லன்னுட்டான். பின்னாடி பஸ்ஸுல போனேன்.

அங்க போனா, எப்படி அடிபட்டுச்சுன்னு கேட்டதுக்கு, நெலப்படியில தடுக்கி விழுந்துட்டேன்னு சொல்லியிருக்கா சீனியம்மா. ஏன் அப்படிச் சொல்லணும்? எம்மக மேல கேசு வரட்டும்னு நெனைக்கணுமுல்ல? மடியில கனம் இல்லாட்டி உள்ளதச் சொல்ல வேண்டியதுதான? எனக்கு அன்னைக்கும் இதான் தோணுச்சு. இன்னைக்கும்... சரி, விடுங்க.

இங்க வர்ற அதே டாக்டரம்மாதான் அங்கயும். சின்ன வயசுப் பொண்ணு. நல்லா மரியாதையாத்தான் பேசுச்சு. "ஒங்க மகளுக்கு ஒரு ஆம்பளக் குரலு கேக்குதாம் சார். மோட்டாருச் சத்தத்துக்குள்ளருந்து வருதாம். அவதான் செஞ்சா, அவள விடாதன்னு திரும்பத் திரும்பச் சொல்லுதாம். வீட்டுல யாராவது அப்படிப் பேசுவாங்களா?"ன்னு கேட்டுச்சு. எங்க வீட்டுல நான் ஒருத்தந்தான் ஆம்பள, அப்படியெல்லாம் யாரும் பேச மாட்டாகன்னேன். வந்திருக்க பேயி அப்படிப் பேசுதோ என்னமோன்னேன். அந்தப் பொண்ணு பேனாவ மூடி வச்சுட்டு எம்மூஞ்சியவே பாத்துச்சு. படிச்ச புள்ளைக, அதுகளுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது.

டீ குடிக்கிறீங்களா? வேணாமா. சரி.

அங்கருந்து நேரா இங்கதான் வந்தேன். லெப்பை தொழுகை முடிச்சுட்டு வெளிய வாராரு. ஆளுக நிக்கிறாகன்னு பாக்கல. "ஐயா, ஒங்கள சாமின்னு நெனச்சேன். இப்படி முதுகுல குத்திட்டீங்களே"ன்னு கேட்டேன். என்னையக் கையப் புடிச்சு அந்தப் புங்கமரத்தடிக்குக் கூட்டிட்டுப் போனாரு.

"போஸு, நீ வந்த மொத நாளே சொன்னனே. இங்க ஒரு டாக்டரம்மா வருது, காட்டுவமான்னு கேட்டேனா இல்லையா?"ன்னாரு.

ஏதோ கேட்டாரு. இல்லங்கல. போற போக்குல கேட்டத ஒரு பேச்சுன்னு எடுத்துக்குவாகளா?

"நீ என்ன சொன்ன? மாத்திரைன்னு பேச்செடுத்தா இந்த நிமிசமே கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போயி சாட்டையால அடிக்க விட்டுருவேன்னு சொன்ன. பக்கத்துல ஒம்மக நின்னுச்சு. அது மூஞ்சிய நீ பாக்கல. நான் பாத்தேன்"ன்னாரு.

"அதுக்காகப் பொய் சொல்லலாமா? ஓதுற வாயால பொய் சொல்லலாமா?"

அவரு தொப்பியக் கழத்தி மடியில வச்சுக்கிட்டாரு. வயசான மனுசன் தம்பி, தலையில முடியே இல்ல. "பொய் சொல்லல. ஆனா உள்ளதையும் சொல்லல. அது தப்புதான். அதுக்கு ரப்புகிட்ட நெதமும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருக்கேன். ஒங்கிட்டயும் கேட்டுக்கிறேன்"ன்னாரு. என் ரெண்டு கையையும் புடிச்சு கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

நான் கைய உருவிக்கிட்டேன். "அப்ப ஒங்க தண்ணிக்கு சத்தி இல்லன்னு நீங்களே ஒத்துக்கிறீங்களா?"ன்னேன்.

"யாரு சொன்னா? அந்தத் தண்ணியக் குடிச்சாத்தான் ஒம்மக மாத்திரைக்கு வாயத் தொறந்துச்சு. பயத்துல கெடந்த புள்ள. பக்கத்துல நம்ம இருக்கோம், மேல அவன் இருக்கான்னு தெரிஞ்சப்பறம்தான் டாக்டரம்மா மூஞ்சியவே ஏறிட்டுப் பாத்துச்சு. நானே பிரஷருக்கு மாத்திரை போடுறவன்தான் போஸு. பிஸ்மின்னு அவன் பேரச் சொல்லித்தான் முழுங்குறேன்"ன்னாரு.

கேட்டீங்களா? அவரே மாத்திரை போடுறாராம்! ஊரு ஒலகத்துக்குத் தண்ணி ஓதிக் குடுக்குறவரு, அவரே பிரஷருக்கு மாத்திரை முழுங்குறாராம். இத வெளிய சொன்னா எவனாவது நம்புவானா? இவர நம்பித்தான் தம்பி எம்மகள விட்டுட்டுப் போனேன்.

இப்ப எம்மக நல்லாருக்கா. நல்லாருக்கான்னுதான் சொல்லணும். விட்ட பரிச்சைய எழுதிட்டா. ஆனா என் வீட்டுல இல்ல. தெருக்கோடியில இருக்கா. ஆஸ்பத்திரியிலருந்து வந்ததும் நேரா அங்க எறங்கிட்டா. போயிக் கூப்புட்டேன். வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, "இங்கதாம்பா எனக்கு ஒறக்கம் வருது"ன்னா. அம்புட்டுத்தான். பூமயிலு வந்து சோத்த ஆக்கி வச்சுட்டு அவளும் அங்க போயிர்றா. "நீங்க மாத்திரைய மட்டுமாங்க கொட்டுனீங்க. அந்தத் தண்ணி மேல அவளுக்கு இருந்த நம்பிக்கையையும் சேத்துல்ல கொட்டிட்டீங்க. இப்பத் தண்ணியப் பாத்தாலே பயப்படுறா புள்ள"ங்குறா. என்னவோ நான் வெசத்தக் குடுத்த மாதிரி! நான் குடுத்தது அவுலியா தண்ணி தம்பி.

மாசத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை எம்மக டாக்டரம்மாவப் பாக்க இங்க வருவா. துணைக்கு சீனியம்மாதான். எனக்கு அந்தக் கெழமை தெரியும். அன்னைக்கு நானும் மில்லப் பூட்டிட்டு மொத பஸ்ஸுக்கே வந்து இங்கன உக்காந்துக்குவேன். கிட்டப் போறதில்ல. பாப்பேன், அவ்வளவுதான். சதை போட்டிருக்காளா, மெலிஞ்சிருக்காளான்னு பாத்துட்டு அடுத்த பஸ்ஸுல போயிருவேன்.

போன தடவை மனசு கேக்கல. லெப்பைகிட்டயே போனேன். இவருகிட்டயா போயி நிக்கணும்னு இருந்துச்சு, ஆனா வேற யாருகிட்டப் போவேன்? தண்ணி ஓதித் தாங்கன்னேன். ஒரு வார்த்தை பழசப் பேசல அந்த மனுசன். நிதானமா ஓதி, ஊதி, பாட்டில எங்கையில குடுத்து, "நீயே கொண்டு போயிக் குடு"ன்னாரு.

போனேன். அவுக ரெண்டு பேரும் சாப்புட்டு முடிச்சுட்டு நெழல்ல உக்காந்திருக்காக. எம்மகளுக்கு மாத்திரை போடுற நேரம் போல, உள்ளங்கையில வச்சிருக்கா. நான் பாட்டில நீட்டுனேன். அவ வாங்கல. பாட்டிலப் பாக்குறா, என்னையப் பாக்குறா. அப்பறம் மெதுவாச் சொன்னா, "நீங்க மொதல்ல குடிங்கப்பா."

பெத்த அப்பனப் பாத்துத் தம்பி. தோள்ல தூக்கிச் சந்தனக்கூடு காட்டுன அப்பனப் பாத்து. நீ குடிச்சுக் காட்டுங்குறா.

நீட்டுன கைய மடக்க முடியல. அப்ப சீனியம்மா எந்திரிச்சா. நெத்தியில இங்கருந்து இங்க வரைக்கும் தழும்பு இருக்கு அவளுக்கு. எம்மூஞ்சிக்கு நேரா வந்து நின்னது கெணத்துச் சண்டைக்கப்பறம் அன்னைக்குத்தான். "குடுங்க மச்சான்"னு எங்கையிலருந்து பாட்டில வாங்குனா. மூடியத் தொறந்தா. மோந்து பாக்கல, யோசிக்கல, மடக்கு மடக்குன்னு குடிச்சா. சேலை முந்தியால பாட்டில் வாயத் தொடச்சு எம்மககிட்ட நீட்டி, "சில்லுன்னு இருக்கு தாயி, குடி"ன்னா.

எம்மக வாங்கிக்கிட்டா. மாத்திரைய வாயில போட்டுக்கிட்டு, என் கண்ணு முன்னாடியே, நான் கொண்டாந்த தண்ணிய ஊத்தி முழுங்குனா.

ஏதோ சொல்லணும்னு வாய் வந்துச்சு. சொல்லல. வந்துட்டேன்.

வீட்டுக்குப் போயி அன்னைலருந்து இதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். ஊரக் கூட்டிச் செய்வினைக்காரின்னேன். வாசல்ல வெடி போட்டேன். மலடின்னுகூடச் சொன்னேன் தம்பி, எம்புட்டோ தடவை. அவ எங்கைத் தண்ணிய ஒரு வார்த்தை கேக்காம வாங்கிக் குடிக்கிறா. எம்மக என்னைய நம்பல. இவ நம்புறா. எதுக்குக் குடிச்சா? என்னையக் கேவலப்படுத்தவா? அப்படித்தான் இருக்கணும். அப்படி இல்லன்னா வேற என்ன? எனக்கு ஒண்ணுமே வெளங்கல.

ஒங்களையும் டாக்டரம்மாவப் பாக்கச் சொல்லியிருக்காரா லெப்பை? தெரியும். சொல்லுவாரு. ஒங்ககிட்டயாவது நேராச் சொன்னாரே. எங்கிட்ட... சரி. பாருங்க, அந்தப் பச்சக் கதவுதான். புள்ளைய வெயில்ல நிக்க விடாதீங்க.

நானா? எனக்கு இன்னைக்கும் சோலி இருக்கு. காலையிலயே தண்ணி ஓதி வாங்கிட்டேன், இந்தா பையிலதான் இருக்கு. அந்தா, முதுகுளத்தூர் வண்டி திரும்புது. முன் படியில ரெண்டு பேரு எறங்குறாக பாருங்க. மஞ்சச் சுடிதாரு எம்மக. கையப் புடிச்சு எறக்கி விடுறது அவதான்.

தம்பி, ஒரு நிமிசம். நீங்க வெளியாளு, ஒங்களுக்குத் தெரியும். நானா எந்திரிச்சுப் போகவா? இல்ல, அவுகளா வர்ற வரைக்கும் இங்கனயே உக்காந்திருக்கவா? சொல்லுங்க தம்பி, என்ன செய்யட்டும்?